தெருவுக்கு டவர் வருகிறது: கதிர்வீச்சு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊருக்குள் புதிதாக ஒரு செல்போன் டவர் எழும்போதெல்லாம் அதே கேள்விகள் கிளம்புகின்றன. குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலும், தெரு வாட்ஸ்அப் குழுவிலும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு எழுதும் மனுவிலும் அவைதான். எதை அளக்க முடியும், எதை ஏற்கெனவே அளந்திருக்கிறார்கள், எதற்காக மல்லுக்கட்டினால் பலன் கிடைக்கும் என்று பார்ப்போம்.

எக்ஸ்ரே, அணுஉலைக் கதிர்வீச்சு மாதிரிதானே இதுவும்?

இல்லை. எக்ஸ்ரேயும் காமா கதிரும் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் வலு கொண்டவை. அதனால்தான் அவை மரபணுவை நேரடியாகச் சிதைக்கின்றன. அப்படிப் பிய்க்க ஏறத்தாழ 10 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் ஒரு துகளில் இருப்பது 2 முதல் 3 வரை. 900 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் டவர் அலையின் துகளில் இருப்பதோ ஒரு எலக்ட்ரான்வோல்ட்டை 10 லட்சமாகப் பிரித்தால் அதில் நான்கு பங்குகூட இல்லை. 5ஜிக்கு ஒதுக்கிய 26 கிகாஹெர்ட்ஸ் அலையை எடுத்தாலும் 10,000-ல் ஒரு பங்குதான்.

இத்தோடு கதை முடிந்தது என்று சொல்லிவிடும் பொறியாளர்கள் உண்டு. அது அவசரம். இப்படி எலக்ட்ரானைப் பிய்க்காத, அதாவது அயனியாக்காத அலையும் போதிய அளவுக்குப் பட்டால் உடல் சூடாகும். மைக்ரோவேவ் அடுப்பில் சோறு சூடாவது அப்படித்தான். ஆகவே டவர் விஷயத்தில் கேட்க வேண்டியது, எவ்வளவு படுகிறது என்பது.

எவ்வளவு வரை பாதுகாப்பு? அதை யார் முடிவு செய்கிறார்கள்?

அயனியாக்காத கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையம் என்று ஒன்று உண்டு, சுருக்கமாக ஐக்னிர்ப். 1998-ல் வழிகாட்டி வரம்புகளை வெளியிட்டது, 2020-ல் திருத்தியது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 4 வாட் வீதம் உடல் முழுவதும் ஆற்றலை உள்வாங்கினால் உடம்பின் வெப்பம் சுமார் ஒரு டிகிரி கூடும் என்பது அவர்களுடைய தொடக்கப் புள்ளி. அதைப் பத்தால் வகுத்து இந்தத் துறையில் வேலை செய்வோருக்கும், ஐம்பதால் வகுத்து குழந்தை, முதியவர், நோயாளி எல்லாம் அடங்கிய பொதுமக்களுக்கும் வைத்தார்கள். கிலோவுக்கு 0.08 வாட் என்ற பொதுமக்கள் வரம்பு அப்படி வந்தது. உடம்புக்குள் போவதை நேராக அளக்க முடியாது என்பதால், காற்றில் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை வாட் என்று மாற்றிச் சொல்கிறார்கள். 900 மெகாஹெர்ட்ஸுக்கு 4.5 வாட்; 1800-க்கு 9 வாட்; 2000-க்கு மேல் 10 வாட்.

இந்தியா 2008-ல் இதை ஏற்றது. 2010-ல் அமைத்த அமைச்சகங்களுக்கு இடையிலான குழு, வரம்பைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கச் சொன்னது. 2012 செப்டம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது: 900-க்கு 0.45 வாட், 1800-க்கு சுமார் 0.9, 2100-ம் அதற்கு மேலும் 1 வாட். அறிவியல் புதிதாக ஒரு ஆபத்தைக் கண்டுபிடித்ததால் வந்த குறைப்பு அல்ல இது. முன்னெச்சரிக்கை, கொஞ்சம் மக்கள் அழுத்தம். ஆனாலும் உடலைச் சூடாக்கும் அளவிலிருந்து 500 மடங்கு தள்ளி நிற்கும் வரம்பு என்பது நமக்கு நல்லதுதான்.

எங்கள் வீட்டிலிருந்து 50 மீட்டரில் டவர். எங்கள் மேல் எவ்வளவு விழும்?

கணக்குப் போட்டுவிடலாம். ஆன்டெனாவுக்குள் 20 வாட் போகிறது என்று கொள்வோம். ஆன்டெனா அதை எல்லாப் பக்கமும் இறைக்காமல் ஒரு பக்கமாகக் குவிப்பதால், கற்றையின் நடுவில் நிற்பவருக்கு அது 1,000 வாட் விளக்கு எல்லாத் திசையிலும் எரிவதற்குச் சமமாக இருக்கும். 50 மீட்டரில் அந்த 1,000 வாட் சுமார் 31,400 சதுர மீட்டர் பரப்பில் பரவியிருக்கும். வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு 0.03 வாட். தூரம் இரட்டித்தால் அளவு கால் பங்காகும்: 100 மீட்டரில் 0.008. அருகே போனால் ஏறும்: 20 மீட்டரில் 0.2.

இது கற்றைக்கு நேர் எதிரே, திறந்தவெளியில், தடுப்பே இல்லாமல் நிற்பவருக்கு. ஒரே கம்பத்தில் மூன்று நிறுவனங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு அலைவரிசைகள் இருந்தால் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். நவீன 4ஜி, 5ஜி பெட்டிகளின் சக்தி இந்த 20 வாட்டைவிடக் கூடுதலாகவும் இருக்கும். மறுபக்கம், நீங்கள் கற்றைக்குக் கீழே இருந்தால் பத்தில் ஒரு பங்கோ நூற்றில் ஒரு பங்கோதான் வரும், சுவர் இன்னும் கொஞ்சம் தின்றுவிடும். பல நாடுகளில் அளந்ததைத் தொகுத்த உலக சுகாதார நிறுவனம், டவர்களால் மக்கள் மேல் படுவது பன்னாட்டு வரம்பில் 0.002 முதல் 2 சதவீதம் வரை என்று சொன்னது. அந்த 2 சதவீதம் நம் 2012 வரம்பில் 20 சதவீதம் ஆகும் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

டவரே எங்கள் மொட்டை மாடியில் இருக்கிறது. அப்படியானால்?

விளக்கின் அடியில் இருட்டு. நீளமான பெட்டி மாதிரித் தொங்குபவைதான் போன்களோடு பேசும் செக்டார் ஆன்டெனாக்கள். அவை பக்கவாட்டில், லேசாகக் கீழ்நோக்கிச் சாய்ந்து வீசுகின்றன. 30 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆன்டெனா 6 டிகிரி சாய்ந்திருந்தால் கற்றையின் நடுப்பகுதி தரையைத் தொடுவது சுமார் 285 மீட்டருக்கு அப்பால்தான். டவர் நிற்கும் வீட்டின் படுக்கையறையைவிட, எதிரே அதே உயரத்தில் உள்ள மூன்றாவது மாடி பால்கனியில் அளவு கூடுதலாக இருப்பது இதனால்தான். வாடகை வாங்குகிற வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்க, எதிர்வீட்டுக்காரர் கோபப்படுவதில் கொஞ்சம் இயற்பியலும் இருக்கிறது! வட்டமான டிரம் போலத் தெரிபவை டவருக்கும் டவருக்கும் இடையே பேசுபவை. அவற்றின் கற்றை மெல்லியது, தெருவுக்கு இறங்காது.

உண்மையிலேயே கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு: ஆன்டெனாவுக்கு நேர் முன்னால், அதே உயரத்தில், சில மீட்டர் தூரம். வரம்பை மீறுவது பெரும்பாலும் அங்கேதான். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவ வருபவர், பெயின்டர், கேபிள்காரர் இவர்கள் அங்கே போய் நிற்கிறார்கள். அவர்களைப் பற்றி எந்த மனுவிலும் ஒரு வரி இருப்பதில்லை. தொலைத்தொடர்புத் துறையின் வழிகாட்டுதல், ஆன்டெனாவின் முன்னால் அதே உயரத்தில் கட்டடம் இருந்தால் ஒரு ஆன்டெனாவுக்கு 20 மீட்டர், இரண்டுக்கு 35 மீட்டர் இடைவெளி கேட்கிறது. எச்சரிக்கைப் பலகையும் தடுப்பு வேலியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லை என்றால் அதற்கு ஒரு புகார் எழுதலாம், அது நிற்கும்.

உலக சுகாதார நிறுவனமே புற்றுநோய் வரலாம் என்று சொல்லிவிட்டதே?

2011 மே மாதம் அதன் புற்றுநோய் ஆய்வு முகமையான ஐஏஆர்சி, ரேடியோ அலைகளை 2பி என்ற பிரிவில் வைத்தது. ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும், ஆனால் ஆதாரம் குறைவு’ என்பது அதன் பொருள். கற்றாழையின் முழு இலைச்சாறு, ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறி எல்லாம் அதே பிரிவில் இருக்கின்றன. (நம் வீட்டு ஆவக்காயை அவர்கள் சொல்லவில்லை.) அந்தப் பிரிவு, ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறது; ஆபத்து எவ்வளவு பெரிது என்பதைச் சொல்வதில்லை.

துண்டறிக்கைகளில் விட்டுப்போகும் செய்தி ஒன்று: அந்த முடிவுக்கு அடிப்படையாக இருந்தது காதில் ஒட்டிவைத்துப் பேசும் கைபேசி. டவர் பற்றிய ஆதாரம் எந்த முடிவுக்கும் போதாது என்று அதே குழு எழுதியது. கைபேசி ஆய்வுகளில் முக்கியமானது 13 நாடுகளில் நடந்து 2010-ல் வெளியான இன்டர்ஃபோன். மொத்தத்தில் மூளைக்கட்டி கூடவில்லை. ஆனால் வாழ்நாளில் 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசியதாகச் சொன்ன பிரிவில் க்ளியோமா என்ற கட்டி 1.4 மடங்காகத் தெரிந்தது. பத்தாண்டு தினமும் சுமார் அரைமணி நேரம் பேசினால் வரும் கணக்கு அது. நோய் வந்தவர் பழைய பழக்கத்தைக் கூட்டிச் சொல்வது இயல்பு என்பதால் அந்த எண்ணை ஆய்வாளர்களே முழுதாக நம்பவில்லை. பிறகு உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டபடி 63 ஆய்வுகளைச் சலித்து 2024-ல் வெளியான தொகுப்பும் கைபேசிக்கும் மூளைப் புற்றுக்கும் தொடர்பு காணவில்லை. ஐஏஆர்சி இந்த வகைப்பாட்டை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அதன் ஆலோசனைக் குழு பரிந்துரைத்திருக்கிறது. முடிவு எந்தப் பக்கமும் போகலாம்.

எலிகளுக்குக் கட்டி வந்ததாக அமெரிக்க ஆய்வு சொன்னதே?

வந்தது. 2018-ல் அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் வெளியிட்ட முடிவில், ஆண் எலிகளின் இதயத்தில் ஒரு அரிய வகைக் கட்டி கூடியிருந்தது. தினமும் சுமார் 9 மணி நேரம், இரண்டு ஆண்டுகள், முழு உடம்புக்கும், கிலோவுக்கு 6 வாட் வரை கொடுத்தார்கள். பொதுமக்கள் வரம்பு 0.08 என்பதை நினைவில் வையுங்கள். பெண் எலிகளில் அப்படித் தெளிவாக வரவில்லை. அலை பட்ட ஆண் எலிகள் படாதவற்றைவிட நீண்ட நாள் உயிர் வாழ்ந்தன. இதை வைத்து ஆயுள் கூடும் என்று யாரும் டவரை வரவேற்கவில்லை. இத்தாலியின் ரமாட்சினி நிறுவனமும் அதே ஆண்டு இதையொத்த முடிவை, குறைந்த அளவிலேயே கண்டதாகச் சொன்னது. ஒதுக்கித் தள்ளும் ஆய்வுகள் அல்ல இவை. மறுபடி செய்து பார்க்கத் தகுந்தவை. தெருவுக்கு நேராகப் பொருத்தத் தக்கவையும் அல்ல.

டவர் வந்தபிறகு எங்கள் தெருவில் நான்கு பேருக்குப் புற்றுநோய். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்பவரிடம் சதவீதம் பேசுவது கொடுமை. ஆனாலும் கேள்விக்குப் பதில் தேட வேண்டுமானால் எண்ணித்தான் ஆக வேண்டும்.

இந்தியாவில் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது புற்றுநோய் வரலாம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் புற்றுநோய்ப் பதிவேட்டு மதிப்பீடு. 120 வீடு, 480 பேர் உள்ள தெருவில் அது ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள். டவரே இல்லாத காலத்திலும் இந்த நோய்கள் இருந்தன. அப்போது யாரும் ஒரே பட்டியலில் எழுதிப் பார்க்கவில்லை.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, நான்கும் ஒரே வகையா? மார்பகம், வாய், இரைப்பை, கருப்பைவாய் என்று வேறு வேறாக இருந்தால் அவற்றின் காரணங்களும் வேறு வேறு. புகையிலை வாய்ப்புற்றுக்கு, ஒரு வைரஸ் கருப்பைவாய்ப் புற்றுக்கு என்று தெரிந்த காரணங்கள் உண்டு. அடுத்தது, எப்போது கண்டுபிடித்தார்கள், டவர் எப்போது ஓடத் தொடங்கியது? ஹிரோஷிமாவில் அணுகுண்டுக் கதிர் பட்டவர்களுக்கே ரத்தப் புற்று சில ஆண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டியது; கட்டி வகைகளுக்குப் பத்தாண்டும் அதற்கு மேலும் ஆனது. போன வருஷம் நட்ட டவர் இந்த வருஷக் கட்டிக்குக் காரணமாக முடியாது. நோயாளி அந்தத் தெருவில் எத்தனை ஆண்டாகக் குடியிருக்கிறார் என்பதும் வேண்டும்.

இவற்றுக்குப் பிறகும் ஒரே வகைப் புற்று, குறிப்பாகச் சிறு பிள்ளைகளிடமோ இளம் வயதினரிடமோ, குவிந்திருந்தால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1980-களின் தொடக்கத்திலிருந்து மாநகரத்தின் புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்துகிறது. பின்னாளில் மாநிலம் முழுவதற்கும் பதிவுத் திட்டம் வந்தது. மாவட்ட சுகாதார அலுவலரிடம் மனு கொடுக்கும்போது பெயர்ப் பட்டியலைவிட நோய் வகை, வயது, கண்டறிந்த ஆண்டு, குடியிருந்த ஆண்டுகள் கொண்ட அட்டவணையைக் கொடுங்கள். டவர் என்ற ஒரே காரணத்தை மட்டும் எழுதிவிட்டால், குடிநீரையோ பக்கத்துப் பட்டறையின் ரசாயனத்தையோ யாரும் சோதிக்காமலே கோப்பு மூடிவிடும். இதைத்தான் நாங்கள் அதிகம் அஞ்சுகிறோம்.

டவர் அருகே வசிப்போரிடம் புற்றுநோய் மூன்று நான்கு மடங்கு என்று வெளிநாட்டு ஆய்வு ஒன்று சுற்றுகிறதே?

பெரும்பாலும் அது இஸ்ரேலின் நெதான்யா நகரத்து 2004 ஆய்வு. 622 பேர், ஓராண்டில் 8 நோயாளிகள். டவர் இயங்கத் தொடங்கி ஓராண்டிலேயே எண்ணத் தொடங்கிவிட்டார்கள்; மேலே சொன்ன காலக்கணக்கை அது தாண்டவில்லை. இந்தியத் துண்டறிக்கைகள் பலவற்றுக்கு மூலம், மும்பை ஐஐடி பேராசிரியர் கிரீஷ் குமார் 2010-ல் தொலைத்தொடர்புத் துறைக்குக் கொடுத்த அறிக்கை. விவாதத்தைக் கிளப்பியதில் அதற்குப் பங்கு உண்டு. அதில் அடுக்கியிருக்கும் ஆய்வுகளின் தரமோ ஏற்ற இறக்கமாக இருக்கிறது.

அளவில் பெரியது வேண்டுமானால் பிரிட்டனைப் பாருங்கள். நான்கு வயது வரையான 1,397 புற்றுநோய்க் குழந்தைகளையும் 5,588 மற்ற குழந்தைகளையும் எடுத்து, தாய் கருவுற்றிருந்தபோது வீடு டவரிலிருந்து எவ்வளவு தூரம், அங்கே எவ்வளவு அலை பட்டிருக்கும் என்று மாதிரி போட்டுக் கணக்கிட்டார்கள். 2010-ல் வெளியான முடிவு: தொடர்பு இல்லை. சும்மா தூரத்தை மட்டும் அளக்காமல் பட்ட அளவையும் கணக்கிட்டதால் இதற்கு மதிப்பு அதிகம்.

தலைவலி, தூக்கமின்மை, படபடப்பு?

அந்தத் தொல்லைகள் மெய். காரணம் அலைதானா என்பதைச் சோதிக்க, எப்போது அலை ஓடுகிறது எப்போது நின்றிருக்கிறது என்று சோதிப்பவருக்கும் உட்காருபவருக்கும் தெரியாமல் பல நாடுகளில் சோதனை செய்திருக்கிறார்கள். 2010 வரை அப்படி 46 சோதனைகள், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அலை உணர்வு உண்டு என்று சொன்னவர்களால் ஓடுவதையும் ஓடாததையும் பிரித்தறிய முடியவில்லை. அலை ஓடுகிறது என்று நம்பியபோது, ஓடாவிட்டாலும் தலை வலித்தது. அதற்காக வீட்டுப் பெரியவரிடம் ‘எல்லாம் உங்கள் நினைப்பு’ என்று சொல்லிவிடாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மின்தடையில் உறுமும் டவர் ஜெனரேட்டர் தூக்கத்தைக் கெடுக்கும், அதற்கு இயற்பியல் விளக்கமே வேண்டாம்.

பள்ளிக்கூடம் அருகே வைக்கலாமா?

பிரிட்டனில் 2000-ல் சர் வில்லியம் ஸ்டூவர்ட் தலைமையிலான குழு, கற்றையின் மிக வலுவான பகுதி பள்ளி வளாகத்தில் விழக் கூடாது, விழுவதானால் பள்ளியும் பெற்றோரும் ஒப்ப வேண்டும் என்றது. எங்களுக்கு அந்த யோசனை பிடிக்கும், ஏனென்றால் அது தூரத்தைப் பேசாமல் கற்றையைப் பேசுகிறது. பள்ளி மாடியிலிருந்து டவரைக் கழற்றி 250 மீட்டர் தள்ளி நட்டால், முன்பு கற்றைக்கு வெளியே இருந்த வகுப்பறை இப்போது கற்றைக்குள் வரலாம். இடம் மாற்றச் சொல்லும் முன் ஆன்டெனா எந்தத் திசையைப் பார்க்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கேளுங்கள்.

டவரா, கையிலிருக்கும் போனா? எது அதிகம்?

போன். சந்தேகமே வேண்டாம். டவர் பத்து மீட்டர் கணக்கில் தள்ளி நிற்கிறது, போன் காதில் ஒட்டியிருக்கிறது. அதோடு, சிக்னல் நன்றாக இருந்தால் போன் தன் சக்தியை வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். ஒரே ஒரு கோடுதான் தெரிகிறது என்றால் முழு மூச்சில் கத்தும். டவரை ஊருக்கு வெளியே விரட்டிவிட்டு, அப்புறம் ஜன்னலோரம் நின்று அரைமணி நேரம் பேசினால், தலைக்குள் போகும் ஆற்றல் கூடத்தான் செய்யும்.

இந்தியாவில் விற்கும் போன்களுக்கு, ஒரு கிராம் திசுவில் சராசரியாக கிலோவுக்கு 1.6 வாட் என்பது உச்ச வரம்பு. பல போன்களில் *#07# அழுத்தினால் அந்த மாடலின் எண் தெரியும். ஸ்பீக்கரில் போட்டோ ஹெட்போன் வைத்தோ பேசுங்கள். லிஃப்ட்டில், ஓடும் ரயிலில், சிக்னல் இல்லாத மூலையில் நீண்ட பேச்சைத் தள்ளிப்போடுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் போனைச் சட்டைப்பையில் போடாமல் 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். டவர் அவர்களுக்கும் பிரச்சினை இல்லை.

5ஜி வேறு வகைப் பூதமா?

2022 அக்டோபர் 1 அன்று இந்தியாவில் தொடங்கியது. முதல் நகரங்களில் சென்னையும் ஒன்று. 700 மெகாஹெர்ட்ஸ், 3.3 கிகாஹெர்ட்ஸ், 26 கிகாஹெர்ட்ஸ் ஆகியவை இதற்கானவை. இவற்றில் 26 தோலின் மேல் மில்லிமீட்டர் அளவோடு நின்றுவிடும். புதுமை என்னவென்றால் ஆன்டெனா கற்றையைப் போன் இருக்கும் பக்கம் திருப்பும். நீங்கள் பதிவிறக்கம் செய்யும்போது உங்கள் பக்கம் கூடும், இல்லாதபோது குறையும். ஆகவே பழைய முறையில் ஒரு நிமிடம் மீட்டர் பிடித்து 5ஜியை அளந்தால் குறைவாகக் காட்டக்கூடும் என்ற விமர்சனம் நியாயமானது. 2021-ல் கொரோனா இரண்டாம் அலைக்கு 5ஜி சோதனைதான் காரணம் என்று வட மாநிலங்களில் கிளம்பிய வதந்திக்கு அந்த நியாயம்கூட இல்லை. அப்போது இங்கே சோதனையே தொடங்கியிருக்கவில்லை.

ஆன்லைனில் மீட்டர் வாங்கினோம். சிவப்பு விளக்கு எரிகிறது!

அலகைப் பாருங்கள். மலிவு மீட்டர்கள் மைக்ரோவாட்டில் காட்டும். ஒரு வாட் என்பது 10 லட்சம் மைக்ரோவாட். திரையில் 5,000 என்று மிரட்டினால் அது 0.005 வாட், 900 மெகாஹெர்ட்ஸ் வரம்பில் 90-ல் ஒரு பங்கு. சில கருவிகள் மீட்டருக்கு எத்தனை வோல்ட் என்று காட்டும்: அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி 377-ஆல் வகுத்தால் வாட் வரும். 13 வோல்ட் என்பது 0.45 வாட். சிவப்பு எங்கே எரிய வேண்டும் என்பதைக் கருவி விற்றவர் முடிவு செய்திருக்கிறார். அதோடு, உங்கள் போனையும் வைஃபையையும் அணைத்துவிட்டு அளந்தீர்களா?

முறைப்படி அளக்க யாரைக் கேட்பது?

தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் இணையதளம் 2017-ல் தொடங்கியது. உங்கள் பகுதி டவர்களை வரைபடத்தில் பார்க்கலாம். அவை வரம்புக்குள் இருப்பதாக நிறுவனங்கள் கொடுத்த சான்று உண்டா என்று தெரியும். 4,000 ரூபாய் கட்டினால் துறை ஆட்கள் நீங்கள் கேட்கும் இடத்துக்கு வந்து அளப்பார்கள். தெருவில் நாற்பது வீடு பங்கு போட்டால் தலைக்கு நூறு ரூபாய். ஒரு வழக்கறிஞர் நோட்டீஸைவிட மலிவு, பயனும் கூடுதல்.

வருபவர்களைத் தரையில் அளக்கவிட்டு அனுப்பிவிடாதீர்கள். ஆன்டெனாவுக்கு நேர் எதிர் மாடி, பால்கனி, படுக்கையறை ஜன்னல் ஆகிய இடங்களைக் காட்டுங்கள். ஆள் நடமாட்டமும் போன் பேச்சும் மிகுந்த மாலை நேரத்தைக் கேளுங்கள். அறிக்கையில் ‘வரம்புக்குள்’ என்ற ஒற்றைச் சொல்லோடு திருப்தியடையாமல், வரம்பில் எத்தனை சதவீதம் என்று எழுதி வாங்குங்கள். இரண்டு சதவீதமும் தொண்ணூறு சதவீதமும் ஒன்றல்லவே.

வேறு நாடுகளில் இன்னும் கடுமையான வரம்பு இருக்கிறதாமே?

இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் குடியிருப்புப் பகுதிக்கு ஒரு டவர் நிலையத்துக்கு மீட்டருக்கு 4 முதல் 6 வோல்ட். இத்தாலி பல காலம் 6 வோல்ட்டில் இருந்து 2024-ல் 15-ஆக உயர்த்தியது. நாட்டுக்கு நாடு மாறுவது அரசியல் முடிவு. சுவிஸ்காரர் உடம்பு வேறு அல்ல.

சிட்டுக்குருவிகள் அழிந்தது டவரால்தானே?

பறவை ஆர்வலர்களின் பதிவுகளைத் தொகுத்த 2020-ஆம் ஆண்டின் இந்தியப் பறவைகள் நிலை அறிக்கைப்படி, நாடு முழுவதும் பார்த்தால் 25 ஆண்டுகளில் சிட்டுக்குருவி பெரிதாகக் குறையவில்லை. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் குறைந்திருக்கிறது. டவர்கள் கிராமங்களிலும் நிறைந்துவிட்ட காலம் அது. ஓட்டு வீடும் முற்றமும் புழு பூச்சியும் போன இடத்தில் குருவிக்கு என்ன வேலை?

கதிர்வீச்சைத் தடுக்கும் ஸ்டிக்கர், சிப்?

வாங்காதீர்கள். உண்மையிலேயே தடுத்தால் போன் டவரைத் தேடி இன்னும் உரக்கக் கத்தும். தடுக்காவிட்டால் காசு வீண். 2020-ல் மத்திய அரசின் பசுப் பாதுகாப்பு அமைப்பான ராஷ்ட்ரிய காமதேனு ஆயோக்கின் தலைவர் பசுஞ்சாணச் சிப் ஒன்றை அறிமுகப்படுத்தினார். ஆதாரம் எங்கே என்று நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் கேட்டார்கள்.

நீதிமன்றம் போகலாமா?

போகலாம், ஆனால் தீர்ப்புகள் ஒரே திசையில் இல்லை. 2012 நவம்பரில் ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை அருகிலிருந்து டவர்களை அகற்றச் சொன்னது. 2017-ல் ஒரு புற்றுநோயாளியின் மனுவில் குவாலியரில் ஒரு டவரை நிறுத்த உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அது அந்த ஒரு டவருக்கானது. கேரளம் உள்ளிட்ட உயர்நீதிமன்றங்கள் ஆதாரம் இல்லை என்று மனுக்களைத் தள்ளியிருக்கின்றன. 5ஜிக்கு எதிராக நடிகை ஜூஹி சாவ்லா தொடுத்த வழக்கை 2021 ஜூனில் தள்ளுபடி செய்த டெல்லி உயர்நீதிமன்றம் 20 லட்சம் ரூபாய் செலவுத் தொகை விதித்தது. பிறகு அது 2 லட்சமாகக் குறைந்தது.

அப்படியானால் டவரை எதிர்க்கவே கூடாதா?

தாராளமாக எதிர்க்கலாம், சரியான காரணத்தோடு. நாற்பது ஆண்டுப் பழைய கட்டடத்தின் மேல் டன் கணக்கில் இரும்பை ஏற்றுகிறார்கள். கட்டட உறுதிச் சான்று எங்கே? 2018 கஜா புயலில் டவர்கள் சாய்ந்ததை டெல்டாக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். ஜெனரேட்டருக்கு ஒலித்தடுப்புக் கூண்டும் உயரமான புகைக்குழாயும் உண்டா? டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று ஐஏஆர்சி 2012-ல் முதல் பிரிவிலேயே வைத்துவிட்டது. 2பியில் இருக்கும் அலைக்காக ஊர்வலம் போகிறவர்கள் அடியில் புகைவிடும் பெட்டியைக் கண்டுகொள்வதில்லை. அடுக்ககத்தில் பொது மாடியை ஒருவரே வாடகைக்கு விட்டாரா, மற்ற உரிமையாளர்கள் ஒப்பினார்களா? உள்ளாட்சி அனுமதி இருக்கிறதா? இவை ஒவ்வொன்றும் ஆவணம் கேட்டுப் பதில் வாங்கக்கூடிய கேள்விகள். ‘கதிர்வீச்சு’ என்ற ஒரே மூட்டையில் எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்தால், அதிகாரி ஒரு அளவீட்டுச் சான்றை நீட்டுவார். மூட்டை மொத்தமாகத் திரும்பி வரும்.

புகாரை நகராட்சி ஆணையர் அல்லது ஊராட்சிக்கும், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டத் தொலைத்தொடர்புக் குழுவுக்கும் நகல் போட்டு அனுப்புங்கள். சத்தத்துக்கும் புகைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்.

உங்கள் நிலத்தில் டவர் வைக்கிறோம், மாதம் ஐம்பதாயிரம் வாடகை, முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று குறுஞ்செய்தி வந்தது.

மோசடி. டவர் வைக்கிறவர்தான் உங்களுக்குப் பணம் தர வேண்டும். தொலைத்தொடர்புத் துறையோ, ஒழுங்குமுறை ஆணையமான டிராயோ இதற்காகத் தடையில்லாச் சான்று கொடுப்பதில்லை, வரி வசூலிப்பதுமில்லை. அரசு முத்திரை போட்ட கடிதம் காட்டினாலும் கட்டாதீர்கள். கட்டிவிட்டிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.